சம்பளமில்லாத ஐந்து வருஷம்

நீலகிரியில் மஞ்சூர் பஜாரிலிருந்து கொஞ்சம் மேலே, ஒரு மாடி அறையில் உட்கார்ந்து ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கிறேன். போன வாரம் வந்த வேலைகளைச் சொன்னால் தொழில் எப்படிப்பட்டது என்று புரிந்துவிடும். குவாதமாலாவில் பதிவான ஒரு பிறப்புச் சான்றிதழ். சிலியில் விற்கப்போகும் தண்ணீர்ப் பம்பின் கையேடு. மெக்சிகோ மருத்துவமனை ஒன்றின் டிஸ்சார்ஜ் சம்மரி. டாக்டர்களின் கையெழுத்து எந்தக் கண்டத்திலும் ஒன்றுதான். எல்லாமே ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு, இல்லாவிட்டால் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு. வார்த்தைக்கு இவ்வளவு என்று கூலி. தமிழில் வேண்டும் என்று இதுவரை எந்தக் கம்பெனியும் கேட்டதில்லை.

எங்கள் குந்தா வட்டாரத்தில் இருந்துகொண்டு இந்த வேலை செய்வதில் உள்ள ஒரே தொல்லை மழை. 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது ரோடு போனது, கரண்டு போனது, டவர் போனது. ஸ்பெயினில் இருக்கும் ஒரு ஏஜென்சிக்குக் காரணத்தை எழுதினேன். ஒரு நாளில் அவ்வளவு மழையா என்று அவர்கள் நம்பவில்லை. மாட்ரிட்டில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அதில் பாதி அளவுதான் தேறும். படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் தேதியைத் தள்ளிக் கொடுத்தார்கள்.

ஊரில் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஸ்பெயினுக்குப் போயிருக்கியாம்மா? போனதில்லை. மெக்சிகோவுக்கும் போனதில்லை. நான் போனது டெல்லிக்கு. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பி.ஏ. ஆனர்ஸ் மூன்று வருஷம், எம்.ஏ. இரண்டு வருஷம். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் யாரோ ஒருவருக்காகச் செய்த வேலை. அந்த ஐந்து வருஷம் மட்டும் யாருக்காகவும் இல்லாமல் ஒரு மொழியைப் படித்தேன். அது எவ்வளவு அபூர்வமான ஏற்பாடு என்று அப்போது தெரியவில்லை.

நாங்கள் சிலோன்காரர்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட தலைகளில் என் தாத்தாவும் அப்பாயியும் இருந்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு மலைக்கு வந்தவர்கள். எங்களைப் போன்றவர்களுக்காக 1968இல் அரசு தேயிலை நட ஆரம்பித்தது. 1976இல் அது தேயிலைத் தோட்டக் கழகமானது. எங்கள் வாயில் அது டேன்டீ. அப்பா கவ்வாத்து வெட்டுவார், அம்மா கொழுந்து எடுப்பார். நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். இங்கிலீஷ் பேப்பரில் பாஸானேன் என்பதைத் தவிர அந்த மொழியைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றும் இருக்கவில்லை.

அதனால்தான் ஸ்பானிஷ் வகுப்பின் முதல் நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. பேராசிரியை உள்ளே வந்தார், ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தார், மணி அடிக்கும்வரை வேறு எந்த மொழிக்கும் வரவில்லை. டெல்லி கான்வென்டில் படித்த பெண்ணுக்கும் ஒன்றும் புரியவில்லை, பீகாரிலிருந்து வந்த பையனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. எல்லோரும் ஊமை. கங்கா ஹாஸ்டலில் அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

சில வாரம் போனதும் வேறொன்று நடந்தது. ஆங்கிலத்தில் கெட்டிக்காரர்கள் தடுக்கி விழும் இடங்களில் நான் விழவில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ’, ‘யூ’ என்று எழுவாயை ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும். ஸ்பானிஷில் ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய். ஆள் யார் என்பது வினையின் வாலிலேயே இருக்கிறது. இது நமக்குப் பால்குடி நாளிலிருந்து பழக்கம். எனக்குத் தேநீர் பிடிக்கும் என்பதற்கு அவர்கள் மே குஸ்தா எல் தே என்பார்கள். தேநீர்தான் எழுவாய், எனக்கு என்பது நம் நான்காம் வேற்றுமை இருக்கும் அதே இடத்தில். எனக்குத் தலை வலிக்கிறது என்பதும் அதே அச்சுதான். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் இதைத் தலைகீழாக்கி, மறுபடி நிமிர்த்தி, ஒரு பருவம் முழுவதும் அவதிப்பட்டார்கள். நான் நேராகப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உச்சரிப்பும் அப்படித்தான். நாம் பகல் என்று எழுதிவிட்டு நடுவில் உள்ள ககரத்தை மெல்லச் சொல்கிறோம், கதவு என்பதில் தகரத்தை மெல்லச் சொல்கிறோம், யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்பானிஷும் உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் அதே ஒலிகளைத் தளர்த்திவிடுகிறது. லாகோ என்றால் ஏரி, லாதோ என்றால் பக்கம், லோபோ என்றால் ஓநாய். தமிழில் எழுதி, தமிழனாகவே வாசித்தால் ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். ரகர றகர வேறுபாட்டுக்காக எங்கள் தமிழய்யா காதைத் திருகியது வீண் போகவில்லை. ஒற்றை ரகரமும் உருட்டும் ரகரமும் ஸ்பானிஷில் ‘ஆனால்’ என்பதையும் ‘நாய்’ என்பதையும் பிரித்துவிடும்.

கஷ்டமானவையும் இருந்தன, நிறைய. மேஜைக்கும் நாற்காலிக்கும் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால். உயர்திணை அஃறிணை என்று வளர்ந்தவளுக்கு இதில் நியாயமே தெரியவில்லை, மனப்பாடம்தான். இருத்தலுக்கு இரண்டு வினைகள், ஒன்று தன்மைக்கு, இன்னொன்று நிலைமைக்கு என்று பாடம். ஆனால் செத்துப்போனவனுக்கு நிலைமைக்கான வினையைப் போட வேண்டும், சாவு என்னவோ தற்காலிகம் என்பதுபோல. எல்லோரையும் படுத்திய சப்ஜங்டிவ் வினைவடிவம் எனக்குப் பாதி வந்ததற்குக் காரணம் வியங்கோள். வாழ்க, வருக, வரட்டும். ஸ்பானிஷ் கூட்டங்களில் போடும் வீவா கோஷம் இலக்கணப்படி வாழ்க என்பதேதான். சந்தேகத்துக்கும் அச்சத்துக்கும் மறுப்புக்கும் அதே வடிவத்தைப் போடுவார்கள் என்ற மறுபாதியை இன்றைக்கும் எழுதும்போது ஒரு நொடி யோசிக்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு அபிப்பிராயம். தமிழ்நாட்டில் ஸ்பானிஷ் சொல்லித்தரும் இடங்களில் ஆங்கிலத்தை நடுவில் உட்கார வைத்துத்தான் சொல்லித்தருகிறார்கள். தமிழ்வழிப் பிள்ளைகள் ‘இங்கிலீஷே வராது, இது எங்கே வரும்’ என்று வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். இலக்கணத்தைக் கேட்டால் அது வேறு சொல்லும்.

இரண்டாம் வருஷத்திலிருந்து இலக்கியமும் வரலாறும் வந்தன. 1554இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளியான லாசரில்யோ தெ தோர்மெஸ் என்ற சிறு நாவலைப் படித்தோம். பசித்த பையன் ஒருவன் குருடனுக்கும் பாதிரிக்கும் வறட்டுக் கௌரவக்காரனுக்கும் வேலைக்காரனாக இருந்து பிழைக்கும் கதை. அதே 1554இல் லிஸ்பன் நகரத்தில் தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் அச்சடித்த கார்த்தில்யா என்ற ஜெபப் புத்தகம் வெளிவந்தது என்பது நூலகத்தில் தற்செயலாகக் கிடைத்த செய்தி. அதைத் தயாரித்தவர்கள் வின்சென்டே தெ நசரே, ஜோர்ஜெ கர்வால்யோ, தோமா த க்ரூஸ் என்ற மூன்று பேர். பெயர்கள் போர்ச்சுகீசியம், ஆட்கள் நம் பக்கத்தவர்கள். ராஜாவின் உத்தரவுப்படி லிஸ்பனில் உட்கார்ந்து தமிழ்ச் சொல்லுக்கு மேல் போர்ச்சுகீசு அர்த்தம் எழுதிக்கொண்டிருந்த அந்த மூவர்தான் என் தொழிலின் மூதாதைகள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு வார்த்தைக்கு எவ்வளவு கிடைத்ததோ.

ஹுவான் ருல்ஃபோவைப் படித்தது மூன்றாம் வருஷம். மெக்சிகோக்காரர். ஒரு சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் இன்னும் கொஞ்சமும் எழுதிவிட்டு மௌனமானவர். 1953இல் வந்த தொகுப்பில் நிலம் கொடுக்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. புரட்சி முடிந்து அரசாங்கம் குடியானவர்களுக்கு நிலம் தருகிறது. ஆற்றோரத்து நிலம் அல்ல. விதை போட்டால் வெந்துபோகும் கட்டாந்தரை. நாலு பேர் அதில் நடந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவன் கோட்டுக்குள் ஒரு கோழியை வைத்திருக்கிறான். இதில் என்ன விளையும் என்று கேட்டதற்கு, எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போகிறார்.

விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கதையை அப்பாயிக்குத் தமிழில் சொன்னேன். வெற்றிலையை இடித்துக்கொண்டே கேட்டது.

“இது எந்த எஸ்டேட்டுல நடந்துச்சு?”

“மெக்சிகோவுல அப்பாயி.”

“மண்டபத்துலயும் எழுதிக் குடுங்கன்னுதான் சொன்னான். நமக்குத் தெரிஞ்சா எழுத மாட்டமா?”

பிறகு கோழி என்னாச்சு என்று கேட்டது. கடைசியில் அவன் ஊருக்குள் இறங்கும்போது கோழியின் காலை அவிழ்த்துவிட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறான் என்றேன். அதோடு அப்பாயிக்குக் கதை முடிந்தது. எனக்கு அந்தப் பாடத்தில் கிடைத்த மதிப்பெண் சுமார்தான். ஆனால் அந்த உரையாடலுக்குப் பிறகு லத்தீன் அமெரிக்கா எனக்கு வெளிநாடாக இல்லாமல் போனது. பெருவின் ஹோசே மரியா அர்கேதாஸ், கெச்சுவா மொழியில் வளர்ந்து ஸ்பானிஷில் எழுதியவர். அவருடைய 1958ஆம் வருஷத்து நாவலில் ஸ்பானிஷ் வாக்கியத்துக்குள் மலைமொழி புரண்டுகொண்டே இருக்கும். எங்கள் கீழ்குந்தாவிலும் மேல்குந்தாவிலும் வீட்டில் படகு பேசி, பள்ளியில் தமிழ் எழுதி, ஆபீசில் இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தெரிந்தவளுக்கு அந்த நாவலுக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.

எம்.ஏ.வில் ஒரு ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். நான் சின்கோனாவை எடுத்துக்கொண்டேன், ஊர்ப்பாசத்தால்தான். நடுவட்டத்துக் கொயினா மரங்கள் எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அவை எங்கிருந்து வந்தன என்பதைத் தேடினால் ஆண்டிஸ் மலைக்குப் போக வேண்டும். லண்டனில் இந்தியா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் பெருவுக்குப் போய், கரவாயா பக்கத்துக் காடுகளில் சின்கோனா நாற்றுகளைச் சேகரித்தார். உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. மரப்பட்டைதான் அந்த மக்களின் வருமானம். நாற்று வெளியே போனால் வியாபாரம் போகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மார்க்கம் வழக்கமான பாதையை விட்டுவிட்டு வேறு வழியாக மலையைக் கடந்து துறைமுகம் சேர்ந்தார். அவ்வளவு பாடுபட்டும் செங்கடல் வெயிலில் நாற்றுகள் வாடி, ஊட்டி வந்து சேர்ந்தவையும் பிழைக்கவில்லை. நீலகிரியில் வேர்பிடித்தது, தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் எக்வடோரில் சேகரித்து, ராபர்ட் கிராஸ் என்ற தோட்டக்காரர் 1861இல் கொண்டுவந்து சேர்த்த சிவப்புப் பட்டை இனம். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் மெக்ஐவர் அதைப் பெருக்கினார்.

இதில் என்னை நிறுத்தி வைத்தது மரம் அல்ல, மார்க்கம் படித்த மொழிகள். மனிதருக்கு ஸ்பானிஷ் தெரியும், கெச்சுவாவும் தெரியும். 1864இல் கெச்சுவா இலக்கணமும் அகராதியும் சேர்ந்த ஒரு நூலே வெளியிட்டார். இன்கா வரலாற்றில் உண்மையான காதல் உள்ளவர். அந்தக் காதலும் அந்த இலக்கணமும்தான் அவரைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போயின, நாற்றோடு வெளியே கொண்டுவந்தன. பெரு நாட்டின் அரசுச் சின்னத்தில் 1825இலிருந்து சின்கோனா மரம் நிற்கிறது. நடுவட்டத்தில் அந்த மரம் நிற்பதற்குப் பின்னால் ஒரு மொழி மாணவர் நிற்கிறார்.

அப்புறம் எங்கே பார்த்தாலும் இதுவே கண்ணில் பட்டது. நவார்ராவில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, இரண்டு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து ஜெபங்களைத் தமிழாக்கி, தானும் அவற்றை நெட்டுருப் போட்டார். இவர்களுடைய தாய்மொழி இது, என்னுடையதோ பாஸ்க் என்று கடிதத்தில் ஆதங்கப்படுகிறார். எந்த மொழி மாணவருக்கும் அந்த ஆதங்கம் புரியும். அவருக்குப் பின் வந்த ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் போர்ச்சுகீசில் தமிழ் இலக்கணம் எழுதினார், 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தைத் தமிழ் எழுத்திலேயே அச்சடித்தார். சபைக்காக, அரசருக்காக, இந்தியா ஆபீசுக்காக. ஐபீரியாவுக்கும் நமக்கும் நடுவில் மொழி கற்ற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு எஜமானர் இருந்தார். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஹென்றீக்கஸின் உழைப்பு இல்லாமல் தமிழ் அச்சு வரலாறு இல்லை. ஆனால் டெல்லியில் அந்த நூலகத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு எஜமானர் யாரும் இல்லை. வரிப்பணத்தில், குறைந்த கட்டணத்தில், ஒரு கொழுந்துக்காரி மகள் எந்தச் சரக்கையும் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஸ்பானிஷ் படித்தாள்.

எஜமானர் வந்தது ஹைதராபாதில். ஸ்பானிஷ் எம்.ஏ. முடித்தவர்களுக்கு அங்கும் குர்கானிலும் பெங்களூருவிலும் வேலை கிடைக்கும். லாங்குவேஜ் எக்ஸ்பர்ட் என்று பெயர். நான் சேர்ந்த இடம் அமெரிக்காவில் கடன் பாக்கி வைத்திருக்கும் ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்குப் போன் போட்டு வசூல் செய்யும் ஒரு கம்பெனி. இரவு ஷிப்டு. எனக்கு வேறு பெயர் வைத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது.

காது பழகியது அங்கேதான், அதை மறுக்க முடியாது. கரீபியன்காரர்கள் சகரத்தை விழுங்கிவிடுவார்கள். அர்ஜென்டினாக்காரர்கள் நீ என்பதற்கு வேறு சொல்லும் வேறு வினைவாலும் வைத்திருப்பார்கள். கொலம்பியாவில் சில பகுதிகளில் பெற்ற பிள்ளையைக்கூட நீங்க போட்டுத்தான் கூப்பிடுவார்கள். மெக்சிகோ கிராமத்துப் பெண்கள் போனை எடுத்ததும் ‘உத்தரவு’ என்கிற மாதிரி ஒரு மரியாதைச் சொல் சொல்வார்கள். துரை பங்களாவில் என் அப்பாயி தலைமுறை பேசிய குரல் அது. அந்தக் குரலிடம் நான் மிகுந்த மரியாதையோடு, நீங்க போட்டு, பாக்கியைக் கேட்பேன். எனக்குக் கற்றுத்தந்த வினைவாலெல்லாம் பிசகாமல் வரும். ருல்ஃபோவின் ஆட்கள் எல்லோரும் அமெரிக்காவுக்குப் போய்க் கடன் வாங்கிவிட்டு என்னிடம் பேசுவதுபோல் இருந்தது சில இரவுகளில்.

சம்பளம் நல்ல சம்பளம். அம்மாவின் முட்டி ஆபரேஷன் அந்தப் பணத்தில்தான் நடந்தது. இலக்கியம் படித்துவிட்டு இப்படி வீணாய்ப்போனேன் என்று சொல்லும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. பிரிவில் மற்றவர்கள் ஆறு மாதப் பட்டயம் படித்துவிட்டு வந்திருந்தார்கள். இலக்கணம் அவர்களுக்கும் தெரியும். எதிர்முனையில் இருப்பவர் எந்த நாடு, எந்த வகுப்பு, எதற்காகச் சிரிக்கிறார், எப்போது அழப்போகிறார் என்பது மட்டும் அவர்களுக்குப் பிடிபடாது. அதைக் கற்றுத்தந்தது நாவல்கள். அதைக் கம்பெனியும் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

2018இல் ஊருக்குத் திரும்பினேன், மொழிபெயர்ப்பாளராக. முதலில் கிடைத்த நல்ல வேலைகளில் ஒன்று ஆண்டிஸ் விவசாயிகளுக்கான உருளைக்கிழங்கு நோய்க் கையேடு, ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு. நூற்புழு பற்றிய பக்கத்தில் எனக்கு அகராதியே வேண்டியிருக்கவில்லை. உருளைக்கிழங்கு பிறந்த ஆண்டிஸ்தான் அந்த முட்டைக்கூட்டு நூற்புழுவுக்கும் தாயகம். 1961இல் அது நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டது. முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அதைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா போன்ற ரகங்களை வளர்த்தது. வேரில் குண்டூசித் தலை அளவுக்கு மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும் என்று ஸ்பானிஷில் எழுதியிருந்ததைப் படித்தபோது, எமரால்டு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செடியைப் பிடுங்கிக் காட்டியது ஞாபகம் வந்தது. கொத்து, வரப்பு, மண் அணைப்பது, பயிரை மாற்றிப் போடுவது எல்லாமே பார்த்த சங்கதி. டெல்லிக்காரர் யாராவது செய்திருந்தால் இரண்டு மடங்கு நேரம் ஆகியிருக்கும்.

தேயிலையும் வரும். அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் மாகாணத்தில் 1920களிலிருந்து தேயிலை இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் ஆரம்பித்து வைத்தது. அங்கே கொழுந்தை டிராக்டர் மாதிரி ஒரு எந்திரம் செடிக்கு மேலே ஓடி வெட்டிக்கொண்டு போகும். அதன் கையேடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தபோது அம்மாவுக்கு வீடியோ காட்டினேன். “முத்தலும் கழிவும் சேந்து வருமே” என்றார் உடனே. அங்கிருந்து போவது பெரும்பாலும் ஐஸ் டீக்காக அமெரிக்காவுக்கு, அதனால் பரவாயில்லை என்றேன். “அப்பச் சரி” என்றார். ஆள் தேவையில்லை என்பதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகள் வருகிறார்கள். தமிழில்தான் ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன்: எனக்குப் பிடிக்கும் என்பதிலிருந்து ஆரம்பித்து, வாழ்க வரைக்கும். பெற்றோர் கேட்பது இதைப் படித்தால் என்ன வேலை என்று. இரவு ஷிப்டையும் சொல்கிறேன், வார்த்தைக் கூலியையும் சொல்கிறேன், எந்திர மொழிபெயர்ப்பு வந்த பிறகு அந்தக் கூலி இறங்கிக்கொண்டிருப்பதையும் சொல்கிறேன். இப்போதெல்லாம் பாதி வேலை எந்திரம் செய்ததைத் திருத்துவதுதான். அதற்குப் பாதிக் கூலி, முக்கால் நேரம். டெல்லியில் இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் 2009இலிருந்து இருக்கிறது, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளில் டெலே தேர்வு எழுதலாம், சான்றிதழுக்கு மதிப்புண்டு. ஆனால் முடிந்தால் பல்கலைக்கழகத்துக்குப் போ, ஜே.என்.யூ.வுக்கோ ஹைதராபாத் இஃப்லூவுக்கோ போ, க்யூட் நுழைவுத் தேர்வு எழுது, எதுவாயிருந்தாலும் முழுசாகப் படி என்கிறேன். சான்றிதழுக்கு ஒரு வருஷம் போதும், ருல்ஃபோவுக்குப் போதாது.

தமிழுக்கு வரும் ஸ்பானிஷ் இலக்கியம் இன்னமும் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் வருகிறது. குறைசொல்லவில்லை. கார்சியா மார்க்கேஸின் தனிமையின் நூறு ஆண்டுகளை ஞாலன் சுப்பிரமணியனும் சுகுமாரனும் 2013இல் கொண்டுவந்தார்கள். அதே சுகுமாரன் எங்கள் மலையை வைத்து வெலிங்டன் என்று ஒரு நாவலும் எழுதியவர். இந்திக்கு விபா மௌர்யா டான் கிஹோத்தேயை ஸ்பானிஷிலிருந்து நேராகக் கொண்டுபோனார். அவர் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பேராசிரியையாக இருந்தவர். நேராகச் செய்ய ஆள் வேண்டுமானால் அந்த ஆளுக்குச் சோறு போட்டுப் பல வருஷம் சும்மா படிக்க விட வேண்டும். தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தைரியம் வரும் என்று பார்க்கிறேன்.

நானும் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், கூலியில்லாமல். 1603இல் ஜாக்கோமெ ஃபெனிசியோ என்ற இயேசுசபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து நீலகிரிக்கு ஏறி வந்தார். இத்தாலியர், கடிதம் எழுதியது போர்ச்சுகீசில், அப்போது போர்ச்சுகலும் ஸ்பெயினும் மூன்றாம் ஃபிலிப் என்ற ஒரே ராஜாவின் கீழ் இருந்தன. மலைமேல் பழைய கிறிஸ்தவர்கள் இருப்பதாக வதந்தி. பார்த்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருந்தவர்கள் தோடரும் படகரும். பெண்களுக்குக் கண்ணாடியும் நூலும் கொடுத்துவிட்டு இறங்கிப்போய், பார்த்ததை எழுதினார். நீலகிரியைப் பற்றி ஐரோப்பியர் எழுதியதில் அதற்கு முந்தையது தெரியவில்லை. தோடர்களை ஆராய்ந்த ரிவர்ஸ் 1906இல் தன் நூலின் பின்னிணைப்பாக அதை ஆங்கிலத்தில் சேர்த்தார். போர்ச்சுகீசுக் கையெழுத்துப் படி லண்டனில் இருக்கிறது. நகல் கிடைக்கும்வரை அந்த ஆங்கிலத்திலிருந்துதான் தமிழாக்குகிறேன். ஸ்பானிஷ் படித்தவளுக்குப் போர்ச்சுகீசு எழுத்து பெருமளவு புரியும், ஆகவே நகல் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

அதில் ஒரு படகர் ஊரின் பெயர் வருகிறது. மேல்குந்தா என்று வாசித்தவர்கள் உண்டு. நான் அந்த ஊர்க் கவுடர் ஒருவரிடம் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினேன். ஊர்ப் பெயர் வந்த இடத்தில் அவர் பெருமைப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வழியை.

“எந்தப் பக்கமா ஏறினாரு?”

“பவானிப் பள்ளத்தாக்கு வழியான்னு தெரியுது.”

“முள்ளி வழியாவா, மேல அப்பர் பவானி வழியாவா? முள்ளின்னா மொதல்ல கெத்தை வரணும். அப்படி வந்தா எங்க ஊருக்கு முன்னாடி வேற ரெண்டு ஊரு வரும். அதை எழுதியிருக்காரா?”

எழுதியிருக்கிறாரா என்று பார்க்க மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினேன். அதற்குள் அவர் மேஜைமேல் டீ டம்ளரையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் என் பேனாவையும் வைத்து, இது கெத்தை, இது மஞ்சூர், இது பாலம் என்று வழி போட ஆரம்பித்திருந்தார்.